ரிங் லேசர் ஜைரோவின் துல்லியத்தை உயர்த்துவது: ஆடியிலிருந்து ஆலன் வரைபடம் வரை

ரிங் லேசர் ஜைரோ, அதாவது மூடிய பாதையில் எதிரெதிராக ஓடும் இரு லேசர் கற்றைகளைக் கொண்டு சுழற்சியை அளக்கும் கருவி, எதிர்பார்த்த துல்லியத்தைத் தராதபோது பலருடைய கை முதலில் போவது மென்பொருளுக்குத்தான். வடிகட்டியை மாற்றிப் பார்ப்பார்கள், வெப்பநிலைத் திருத்தத்தில் இன்னொரு உறுப்பைச் சேர்ப்பார்கள், டிதரின், அதாவது கருவிக்கு வேண்டுமென்றே கொடுக்கும் அதிர்வின், வீச்சைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். இந்தக் கருவியின் இரைச்சலில் பெரும்பகுதி பிறப்பதோ ஆடியின் மேற்பரப்பில். அங்கே கோட்டைவிட்டதை மின்னணுச் சுற்றில் எவ்வளவு மீட்க முடியும் என்பதைக் கீழே கணக்குப் போட்டே பார்க்கலாம். விடை ஊக்கம் தருவதாக இருக்காது.

எண்களோடு பேசுவதற்கு ஒரு மாதிரிக் கருவியை வைத்துக்கொள்வோம். சமபக்க முக்கோணம், பக்கம் 14 செ.மீ., சுற்றளவு 42 செ.மீ., ஹீலியம்-நியான் வாயு, அலைநீளம் 632.8 நானோமீட்டர், செரோடூர் கண்ணாடிப் பீங்கானில் குடைந்த உடல். எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு கற்றைகளின் அதிர்வெண் வேறுபாடுதான் நாம் அளக்கும் விம்மல். சுழற்சி வேகத்தை விம்மலாக மாற்றும் எண்ணுக்கு ஸ்கேல் ஃபேக்டர் என்று பெயர். சமபக்க முக்கோணத்தில் அது பக்கத்தை √3 × அலைநீளத்தால் வகுத்த ஈவு. நம் கருவிக்கு அது ஒரு ரேடியன்/வினாடிக்கு ஏறத்தாழ 1,27,700 ஹெர்ட்ஸ். வேறு விதமாகச் சொன்னால், ஒரு விம்மல் என்பது 1.6 ஆர்க்-செகண்ட் (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) சுழற்சி.

பூமியின் முழுச் சுழற்சி வேகமும், அதாவது மணிக்கு 15.04 பாகையும், இந்தக் கருவியில் வெறும் 9.3 ஹெர்ட்ஸ்தான். விமான வழிசெலுத்தலுக்கு வேண்டிய 0.01 பாகை/மணி என்ற பயாஸ் அளவு, அதாவது சுழற்சியே இல்லாதபோதும் கருவி காட்டும் போலி வேகம், 160 வினாடிக்கு ஒரு விம்மல். நாம் துரத்துவது இவ்வளவு சிறிய ஒன்றை என்பது நினைவில் இருக்கட்டும்.

படி 1: கை வைப்பதற்கு முன் அளவு எடுங்கள்

ஜைரோவை அதிர்வில்லாத கருங்கல் மேடையில், ஆட்கள் நடமாடும் தளத்திலிருந்து பிரித்துக் கட்டிய தூணின்மேல் வையுங்கள். வெப்பநிலை நிலைப்படக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பிறகு டிதர் ஓடும் நிலையில், குறைந்தது எட்டு மணி நேரத் தரவைத் தொடர்ச்சியாகச் சேகரியுங்கள். அதிலிருந்து ஆலன் விலக்கத்தை, அதாவது சராசரி எடுக்கும் நேரம் கூடக்கூட இரைச்சல் எப்படி மாறுகிறது என்பதை, மடக்கை அச்சுகளில் வரையுங்கள்.

வரைபடத்தின் சரிவே நோயைச் சொல்லிவிடும். தொடக்கத்தில் சரிவு −1 என்றால் அது எண்ணிக்கைப் பிழை. ஒரு விம்மலுக்கும் குறைவான கோணத்தைப் பார்க்க முடியாததன் விளைவு. அடுத்து −½ சரிவில் இறங்கும் பகுதி ரேண்டம் வாக், அதாவது தற்செயல் இரைச்சலால் கோணப் பிழை மெல்ல வளர்வது. அதன் நீட்சி ஒரு மணி நேரக் கோட்டை வெட்டும் இடத்தில் அளவைப் படிக்கலாம். அடியில் தட்டையாகும் பகுதியின் மதிப்பை 0.664 ஆல் வகுத்தால் கிடைப்பது பயாஸ் நிலையின்மை. அதன்பின் மேலே ஏறினால் வெப்பநிலையோ வாயுவோ நகர்ந்துகொண்டிருக்கிறது. −½ பகுதிதான் உயரமாக நிற்கிறதென்றால் லாக்-இன் (படி 2 இல் வருகிறது), ஆடி, டிதர் என்று தேடுங்கள். தட்டைப் பகுதி உயரமாக இருந்தால் மின்னோட்டச் சமநிலை, பாதை நீளக் கட்டுப்பாடு, காந்தப்புலம். ஏறும் பகுதி சீக்கிரமே தொடங்கினால் வெப்பநிலை.

சோதனை நேரத்தைச் சுருக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ரேண்டம் வாக் 0.003 பாகை/√மணி உள்ள கருவியில் ஒரு மணி நேரம் சராசரி எடுத்தால் கிடைக்கும் பயாஸின் உறுதியின்மையே 0.003 பாகை/மணி. 0.001 அளவை நம்பிக்கையோடு சொல்ல ஒன்பது மணி நேரம் வேண்டும். அதற்குக் குறைவான சோதனையில் 0.001 பாகை/மணி மேம்பட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், அது இரைச்சலின் ஏற்ற இறக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பயாஸை அளக்கும்போது அச்சை ஒருமுறை மேல்நோக்கியும் ஒருமுறை கீழ்நோக்கியும் வைத்து இரண்டின் சராசரியை எடுங்கள். பூமியின் சுழற்சி அடிபட்டுப் போகும். ஆனால் இரண்டு நிலையிலும் அச்சின் முனை ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தப் பிழை அப்படி அடிபடாது. 45 பாகை அட்சரேகையில் அச்சு 3.2 ஆர்க்-நிமிடம் வடக்கு-தெற்காகச் சாய்ந்தாலே 0.01 பாகை/மணி பிழை வந்துவிடும். 0.001 வேண்டுமென்றால் சாய்வு 19 ஆர்க்-செகண்டுக்குள் இருக்க வேண்டும். கருவியில் இல்லாத கோளாறைத் தேடி வாரக்கணக்கில் அலைவதைவிட ஒரு நல்ல மட்டம் வாங்கிவிடலாம்.

படி 2: லாக்-இன் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்

மெதுவான சுழற்சியில் இரு கற்றைகளின் அதிர்வெண்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விம்மலே இல்லாமல் போவதுதான் லாக்-இன். ஆடியில் சிதறும் ஒளியில் ஒரு துளி வந்த வழியே திரும்பி எதிர்க் கற்றைக்குள் நுழைகிறது. இரண்டு ஊசலிகளை இப்படி லேசாக இணைத்தாலே போதும், அவை ஒரே தாளத்துக்கு வந்துவிடும்.

அளக்கும் முறை எளிது. டிதரை நிறுத்திவிட்டு ஜைரோவைச் சுழல்மேடையில் பொருத்துங்கள். பூமியின் பங்கையும் சேர்த்து உள்ளீட்டு வேகத்தைக் கணக்கிட்டு, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் விம்மல் அதிர்வெண்ணைக் குறியுங்கள். விம்மலின் வர்க்கம் ஓர் அச்சிலும் உள்ளீட்டு வேகத்தின் வர்க்கம் மற்றோர் அச்சிலும் இருக்குமாறு வரைந்தால் நேர்கோடு வரும். அந்தக் கோடு வேக அச்சை வெட்டும் இடத்தின் வர்க்கமூலம் லாக்-இன் வேகம். விம்மல் முதலில் தென்பட்ட வேகத்தையே லாக்-இன் என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். அந்த இடத்தில் மேடையின் சிறு நடுக்கமே விடையை மாற்றிவிடும்.

லாக்-இன் எல்லையைத் தாண்டிய பிறகும் அதன் நிழல் நீள்கிறது. உள்ளீடு லாக்-இன் வேகத்தைப்போல் பத்து மடங்கு இருக்கும்போதும் ஸ்கேல் ஃபேக்டரில் 0.5 சதவீதம் குறையும். இந்தப் பிழை பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு இறங்க வேண்டுமென்றால் 316 மடங்கு வேகம் தேவை.

படி 3: ஆடிகள்

நேரமும் பணமும் குறைவாக இருந்தால் முழுவதையும் இங்கேயே செலவிடுங்கள். மேற்பரப்பின் கரடுமுரடுக்கும் மொத்தச் சிதறலுக்கும் உள்ள உறவு இதுதான்: கரடுமுரடை 4 × பை ஆல் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். 3 ஆங்ஸ்ட்ராம் (0.3 நானோமீட்டர்) என்றால் பத்து லட்சத்தில் 35 பங்கு ஒளி சிதறும். 1 ஆங்ஸ்ட்ராம் என்றால் 4 பங்கு. அரை ஆங்ஸ்ட்ராம் என்றால் 1 பங்கு. அரை ஆங்ஸ்ட்ராம் என்பது ஓர் அணுவின் குறுக்களவைவிடச் சிறியது. சராசரி என்பதால்தான் அப்படி ஓர் எண்ணுக்குப் பொருளே இருக்கிறது.

லாக்-இன் சிதறிய ஒளியின் திறனைப் பொறுத்ததல்ல, வீச்சைப் பொறுத்தது. ஆகவே சிதறலை நான்கில் ஒன்றாக்கினால் லாக்-இன் பாதிதான் ஆகும். மெருகேற்றத்தை 1 ஆங்ஸ்ட்ராமிலிருந்து அரை ஆங்ஸ்ட்ராமுக்குக் கொண்டுவந்தால் லாக்-இன் சரிபாதி.

மெருகேற்றிய அடித்தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூச்சு கெட்டால் எல்லாம் போயிற்று. எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சு நுண்தூண்களாக வளரும். அந்தத் தூண்களே சிதறல் மையங்கள். இக்கருவிகளுக்கு ஏற்றது அயனிக் கற்றைத் தெறிப்பு முறையில் படியவைத்த டான்டலம் பென்டாக்சைடு-சிலிக்கா அடுக்குகள். 1970களின் இறுதியில் ரிங் லேசருக்காகவே வளர்ந்த இந்த முறைதான் பின்னாளில் மற்ற துல்லிய ஒளியியல் துறைகளுக்கும் போனது. மேலடுக்கு சிலிக்காவாக இருக்கட்டும். மின்னிறக்கத்திலிருந்து வரும் புறஊதா ஒளியும் அயனிகளும் டான்டலம் அடுக்கை நேரடியாகத் தொட்டால் உட்கவர்தல் கூடிக்கொண்டே போகும்.

பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை:

• ஒவ்வோர் ஆடியையும் இருள்பின்னணி நுண்ணோக்கியில் பாருங்கள். கற்றை விழும் இடம் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. அந்த ஒரு இடம் சுத்தமாக இருந்தால் போதும்.
• சிதறல் வரைபடம் எடுத்து நல்ல புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளியியல் தொடுகையில், அதாவது பசையில்லாமல், ஆடியை ஒட்டும்போது சிறிது சுழற்றியோ நகர்த்தியோ அந்தப் புள்ளியைக் கற்றையின் பாதைக்குக் கொண்டுவரலாம்.
• துடைப்பது கடைசி வழி. முதலில் வடிகட்டிய நைட்ரஜனால் ஊதுங்கள். போகாவிட்டால் உரித்தெடுக்கும் பாலிமர் படலம். அதற்கும் மசியாவிட்டால்தான் தூய கரைப்பானில் நனைத்த தாளை ஒரே திசையில் ஒரே முறை இழுக்கும் முறை. முன்னும் பின்னும் தேய்த்தால் ஆடி அன்றோடு சரி.
• குழியின், அதாவது கற்றைகள் சுற்றிவரும் மூடிய பாதையின், இழப்பை ஒளி மங்கும் நேரத்தால் அளந்து பதிவு செய்யுங்கள். 42 செ.மீ. சுற்றை ஒளி 1.4 நானோவினாடியில் முடிக்கிறது. ஒரு சுற்றில் மொத்த இழப்பு பத்து லட்சத்தில் 200 பங்கு என்றால் மங்கும் நேரம் 7 மைக்ரோவினாடி.

மங்கும் நேரம் நன்றாக இருந்தும் லாக்-இன் அதிகமாக இருப்பது அடிக்கடி நடக்கும். இழப்பில் உட்கவர்தல், ஊடுருவல், எல்லாத் திசைச் சிதறல் என அனைத்தும் அடங்கும். லாக்-இன்னுக்குப் பொறுப்பு, எதிர்க் கற்றையின் பாதைக்குள் விழும் அந்தச் சிறு பங்கு மட்டும். ஒரே ஒரு தூசி சரியான இடத்தில் உட்கார்ந்தால் மொத்த இழப்பில் தெரியாமலே லாக்-இன்னை இரட்டிப்பாக்கும்.

படி 4: சிதறல்களை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்புதல்

மூன்று ஆடிகளிலிருந்தும் திரும்பும் சிதறல் ஒளி அம்புகளைப்போலக் கூடுகிறது. அவற்றின் கட்டங்களை மாற்றினால் கூட்டுத்தொகையைச் சிறிதாக்கலாம். இரண்டு ஆடிகளின் பின்னால் பீசோ இயக்கிகள் (மின்னழுத்தத்தால் நுண்ணளவு நகர்த்துபவை) இருந்தால் ஒன்றை உள்ளேயும் மற்றதை அதே அளவு வெளியேயும் தள்ளுங்கள். சுற்றளவு மாறாது, லேசர் அதே அதிர்வெண்ணில் இருக்கும். ஆனால் ஆடிகளுக்கு இடையிலான தூரங்கள் மாறுவதால் லாக்-இன் ஏறி இறங்கும்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கற்றைகளே சொல்லும். பின்சிதறலால் ஒவ்வொரு கற்றையின் ஒளிச்செறிவும் விம்மல் அதிர்வெண்ணில் கண் சிமிட்டும். இரு கற்றைகளின் சிமிட்டலையும் தனித்தனி ஒளிடையோடுகளில் பிடித்து, மாறும் பகுதிகளைக் கூட்டுங்கள். இரண்டும் ஒரே கட்டத்தில் சிமிட்டினால் லாக்-இன் உச்சத்தில் இருக்கிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் அது குறைந்தபட்சம். கூட்டுச் சிமிட்டலைச் சிறியதாக வைத்திருக்க ஒரு மெதுவான பின்னூட்டச் சுற்று போதும். வினாடிக்கு ஒரு திருத்தம்கூட அதிகம். ஒற்றைக் கற்றையின் சிமிட்டல் பெரிதாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். எதிர்க் கட்டத்தில் இருக்கும்வரை அது லாக்-இன்னைத் தூண்டாது, விம்மலைச் சற்றே மேலே தள்ளும், அவ்வளவுதான்.

வெளியே எடுக்கும் ஒளியிலும் ஒரு பொறி உண்டு. ஒளிடையோடின் முகப்பு கற்றைக்கு நேர்செங்குத்தாக இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி குழிக்குள் போய்ப் பின்சிதறலோடு சேரும். டையோடைச் சில பாகை சாய்த்து வையுங்கள். ஆடிக்குக் கொட்டிய உழைப்பு இந்த ஓர் இடத்தில் வீணாவது வருத்தமான விஷயம்.

படி 5: டிதர்

லாக்-இன் பள்ளத்தில் நிற்காமல் தாண்டிக்கொண்டே இருக்க, கருவியின் உடலையே சிறு கோணத்தில் முன்னும் பின்னும் அதிரவைக்கிறோம். வீச்சு 150 ஆர்க்-செகண்ட், அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் உச்ச வேகம் வினாடிக்கு 105 பாகை. ஆனாலும் ஒவ்வோர் அதிர்விலும் இரண்டு முறை வேகம் பூச்சியத்தைக் கடக்கிறது. கடக்கும் ஒவ்வொரு முறையும் சிறு கோணப் பிழை ஒட்டிக்கொள்கிறது. அது எவ்வளவு?

லாக்-இன் 0.1 பாகை/வினாடி என்று எடுத்துக்கொள்வோம். நம் கருவியில் அது 223 ஹெர்ட்ஸ். பூச்சியத்தைக் கடக்கும் நொடியில் விம்மல் அதிர்வெண் மாறும் வீதம் வினாடிக்கு 5.87 × 10⁸ ஹெர்ட்ஸ். இதன் தலைகீழின் வர்க்கமூலம் 41 மைக்ரோவினாடி. அந்த 223 ஹெர்ட்ஸை இதனால் பெருக்கினால் ஒரு கடப்புக்கு அதிகபட்சம் 0.0092 விம்மல் பிழை. சராசரியாக அதன் √2 இல் ஒரு பங்கு. வினாடிக்கு 800 கடப்பு, மணிக்கு 28.8 லட்சம். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் வர்க்கமூலப்படி கூடி மணி முடிவில் 11 விம்மல், அதாவது சுமார் 18 ஆர்க்-செகண்ட். ரேண்டம் வாக் 0.005 பாகை/√மணி.

இப்போது இரண்டு வழிகளையும் ஒப்பிடுங்கள். டிதர் வீச்சை இரட்டித்தால் இந்த எண் √2 ஆல்தான் குறையும்: 0.0035. இயந்திரச் சுமை, அதிர்வுக் கசிவு, எண்ணும் சுற்றின் வேகம் எல்லாம் இரட்டிக்கும். லாக்-இன்னை 0.03 பாகை/வினாடிக்குக் கொண்டுவந்தாலோ அதே டிதரில் 0.0015. ஆடிக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று சொன்னதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பிழைகள் ஒன்றையொன்று சாராதவை. சீரான சைன் அலை டிதரில் அது பொய். ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டம் ஒரே மாதிரி அமைந்து பிழைகள் ஒரே திசையில் குவியும். டிதர் அதிர்வெண்ணின் முழுமடங்குகளுக்குச் சமமான விம்மல் வேகங்களில் புதிய சிறு லாக்-இன் பள்ளங்கள் முளைக்கும். அதனால் டிதர் வீச்சில் செயற்கை இரைச்சல் சேர்க்க வேண்டும். அளவு தெரிய ஒரு சின்னக் கணக்கு: 150 ஆர்க்-செகண்ட் என்பது 93 விம்மல். திருப்பத்தின்போது கட்டம் முழுச் சுற்றுக்கு மேல் சிதற வேண்டுமென்றால் வீச்சு குறைந்தது ஒரு விம்மல், அதாவது 1 சதவீதத்துக்கு மேல் தற்செயலாக மாற வேண்டும். டிதர் அமைப்பு ஒத்ததிர்வில் ஓடுவதால் வீச்சு ஒரே அதிர்வில் மாறிவிடாது. ஆகவே நடைமுறையில் பல சதவீதம் தேவைப்படும். மிகக் கூர்மையான ஒத்ததிர்வு மின்சக்தியை மிச்சப்படுத்தினாலும் இந்த இரைச்சலை விழுங்கிவிடும்.

மூன்று ஜைரோக்களை ஒரே சட்டத்தில் பொருத்தும்போது அவற்றின் டிதர் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று சில பத்து ஹெர்ட்ஸாவது விலகியிருக்கட்டும். இரண்டு அச்சுகள் ஒரே அதிர்வெண்ணில் கட்டம் மாறி ஆடினால் சட்டம் உண்மையிலேயே கூம்பு இயக்கம் செய்யும். ஜைரோ அதை நேர்மையாகவே அளக்கும். பிழை அளவீட்டில் இல்லை, இயக்கத்தில் இருக்கிறது.

வெளியீட்டிலிருந்து டிதரைக் கழிப்பதற்கு, டிதரின் முழு அதிர்வுகளுக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் படிப்பது எளிய வழி. அதிர்வெண் வெப்பநிலையோடு நகரும் என்பதால் படிக்கும் நேரத்தை டிதர் உணரியிலிருந்தே எடுங்கள், கடிகாரத்திலிருந்து அல்ல.

படி 6: பாதை நீளக் கட்டுப்பாடு

செரோடூரின் வெப்ப விரிவு ஒரு பாகைக்குப் பத்துக் கோடியில் இரண்டு பங்கு, அதாவது 0.02 × 10⁻⁶ அளவில்தான். 100 பாகை வெப்ப மாற்றத்தில் 42 செ.மீ. சுற்று 0.84 மைக்ரோமீட்டர் நீளும், 1.3 அலைநீளம். அதே உடலை பிகே-7 என்ற வழக்கமான ஒளியியல் கண்ணாடியில் செய்திருந்தால் ஏறத்தாழ 470 அலைநீளம். எஞ்சிய அந்த 1.3 ஐப் பீசோ ஏற்றுக்கொள்ள வேண்டும். முக்கோணத்தில் ஓர் ஆடி நகரும் தூரத்தைப்போல் 1.73 மடங்கு பாதை மாறுகிறது. ஆகவே ஓர் அலைநீளத்துக்கு 0.37 மைக்ரோமீட்டர் நகர்வு.

பீசோவில் சில கிலோஹெர்ட்ஸ் சிறு அசைவைச் சேர்த்து, ஒளிச்செறிவில் அதே அதிர்வெண் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். ஒளிச்செறிவின் உச்சியில் அது பூச்சியமாகும். பின்னூட்டம் அங்கே நிற்கட்டும். சுற்றை மூடுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு: பீசோவை இரண்டு அலைநீள வீச்சுக்கு மெதுவாக ஓட்டி ஒளிச்செறிவு வரைபடம் எடுங்கள். சம உயரமுள்ள உச்சிகள் ஓர் அலைநீள இடைவெளியில் வர வேண்டும். இடையில் சிறு மேடு தென்பட்டால் குறுக்கு முறைமை (கற்றையின் குறுக்கே ஒளி பரவும் வேறொரு வடிவம்) ஒன்று உயிரோடிருக்கிறது. துளைத் தடுப்பு பெரிதாகவோ கற்றை நடுவிலிருந்து விலகியோ இருக்கிறது என்று பொருள். உச்சிகளின் உயரம் மாறிக்கொண்டே போனால் பீசோ ஆடியைத் தள்ளும்போது சாய்க்கவும் செய்கிறது. அப்படிச் சாயும் ஆடியோடு படி 4 ஐ முயல்வதில் பயனில்லை.

அடுத்தடுத்த நெடுக்கு முறைமைகளுக்கு (பாதையில் பொருந்தி நிற்கும் ஒளி அதிர்வெண்களுக்கு) இடைவெளி 714 மெகாஹெர்ட்ஸ், நியானின் டாப்ளர் அகலமோ ஏறத்தாழ 1500 மெகாஹெர்ட்ஸ். மின்னோட்டத்தைக் கூட்டி ஒளியைப் பிரகாசமாக்கும் ஆசைக்கு அணை போடுவது இதுதான். வாயு ஒளியைப் பெருக்கும் அளவு அதிகமானால் பக்கத்து முறைமையும் விழித்துக்கொள்ளும், விம்மல் குழம்பும்.

படி 7: வாயுவும் மின்னோட்டமும்

நியான் ஒரே ஐசோடோப்பாக இருந்தால் உச்சியில் இரு கற்றைகளும் ஒரே அணுக்களுக்குப் போட்டியிடும். ஒன்று வாழ மற்றது மடியும். நியான்-20, நியான்-22 இரண்டையும் சரிபாதி கலந்தால் அவற்றின் மையங்கள் ஏறத்தாழ 875 மெகாஹெர்ட்ஸ் விலகியிருப்பதால், நடுவில் நிற்கும் இரு கற்றைகளும் வெவ்வேறு வேகத்தில் நகரும் அணுக்களிடமிருந்து ஆற்றல் பெறும். இதைத் தவிர்த்துச் செலவைக் குறைக்க வழி இல்லை. ஹீலியம்-3 பயன்படுத்தினால் பெருக்கம் சற்றுக் கூடும்.

மின்னிறக்கம் ஒரே திசையில் ஓடினால் குழாயில் வாயுவே நகரத் தொடங்கும். நகரும் வாயு ஒளியை இழுத்துச் செல்வதால் சுழற்சியே இல்லாமல் பயாஸ் தோன்றும். ஒரு கேத்தோடு, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஆனோடு என்ற அமைப்பு இதைச் சமன்செய்யவே வந்தது. சமநிலை எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள், அளந்துகொள்ளுங்கள். ஓர் ஆனோடுப் பக்கத்தின் மின்னோட்டத்தை வேண்டுமென்றே 20 மைக்ரோஆம்பியர் ஏற்றி, மற்றதை அதே அளவு இறக்கி, பயாஸ் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். மறுதிசையிலும் செய்யுங்கள். கிடைத்த சரிவையும் உங்களுக்கு அனுமதியான பயாஸையும் வைத்துச் சுற்றின் துல்லியத்தைத் தீர்மானியுங்கள். பெரும்பாலும் மைக்ரோஆம்பியருக்கும் கீழே போக வேண்டியிருக்கும். மின்தடைகளின் வெப்பநிலைக் குணகம் இங்கே நேரடியாகப் பயாஸாக மாறும்.

மின்னிறக்கம் எதிர்மறை மின்தடைபோல நடந்துகொள்வதால் தானே அலையத் தொடங்கலாம். நிலைப்படுத்தும் மின்தடையை ஆனோடுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். நீளமான கம்பியின் தேக்குதிறன்தான் வழக்கமான குற்றவாளி.

அடைப்பதற்கு முன்: வெற்றிடத்தில் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றுதல், ஆக்சிஜன் மின்னிறக்கத்தால் அலுமினிய கேத்தோடின் ஆக்சைடுப் படலத்தை வளர்த்தல், வாயு உறிஞ்சியை உயிர்ப்பித்தல், நிரப்புதல், செம்புக் குழாயை நெரித்து அடைத்தல். இந்த வரிசை மாறக் கூடாது. ஹீலியத்தையும் நியானையும் உறிஞ்சி தொடாது. ஹைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி போன்றவற்றை மட்டும் விழுங்கும். மாதங்கள் கழித்து ஒளி மங்கினால் மின்னிறக்கத்தின் நிறமாலையைப் பாருங்கள். 656.3 நானோமீட்டரில் சிவப்புக் கோடு தெரிந்தால் ஹைட்ரஜன் புகுந்திருக்கிறது: சூடாக்கியது போதவில்லை, அல்லது உறிஞ்சி தீர்ந்துவிட்டது. மாசுக் கோடு எதுவும் இல்லாமலே மின்னழுத்தம் மாறிக்கொண்டு போனால், கேத்தோடு தெறித்து நியானைப் புதைக்கிறதா, முத்திரை வழியே ஹீலியம் கசிகிறதா என்று தேடுங்கள்.

படி 8: வெளியீட்டைப் படித்தல்

வினாடிக்கு 400 பாகை சுழற்சியோடு டிதரின் 105 பாகையும் சேர்ந்தால் விம்மல் 11 லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டும். ஒளிடையோடின் பெருக்கி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தைக் கட்டம் குலையாமல் தாங்க வேண்டும். இரு கற்றைகளையும் ஒரு பட்டகம் சேர்க்கும்போது தோன்றும் குறுக்கீட்டுப் பட்டையில் கால் பட்டை இடைவெளியில் நிற்கும் இரு டையோடுகளின் வெளியீட்டை அலைகாட்டியில் ஒன்றுக்கொன்று எதிராக வரையுங்கள். வட்டம் வந்தால் நல்லது. சாய்ந்த நீள்வட்டம் என்றால் இடைவெளி தவறு. பட்டகத்தைச் சற்றே திருப்பிப் பட்டை அகலத்தை மாற்றுங்கள். இரு டையோடு அலைகளின் ஏறும், இறங்கும் விளிம்பு ஒவ்வொன்றையும் எண்ணினால் நுண்மை 1.6 இலிருந்து 0.4 ஆர்க்-செகண்டாகும். ஆலன் வரைபடத்தின் −1 சரிவுப் பகுதி இதற்குப் பிறகும் இறங்கவில்லையென்றால் விளிம்புகள் விடுபடுகின்றன.

படி 9: காந்தமும் வெப்பமும்

நான்கு மூலைக் கருவியில் கற்றைப் பாதை ஒரே தளத்தில் இல்லாவிட்டால் தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை) சற்றே நீள்வட்டமாகும். உடனே காந்தப்புலம் இரு கற்றைகளையும் வெவ்வேறாக நகர்த்தும். சீரான காந்தப்புலம் தரும் ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளுக்குள் வைத்துப் புலத்தைத் திருப்பிப் பார்த்தால் குணகம் கிடைத்துவிடும். காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் உறை போடலாம். ஆனால் குணகம் பெரிதாக இருந்தால் ஆடிகளின் சாய்வே தவறு. உறை அதை மறைக்குமே தவிரத் திருத்தாது.

மேலே உள்ள எல்லாம் முடிந்த பிறகுதான் வெப்பநிலைத் திருத்தம். குறைந்தது மூன்று இடங்களில் உணரிகள் வையுங்கள்: உடல், கேத்தோடு அருகே, வெளி உறை. −40 முதல் +70 பாகை செல்சியஸ் வரை, இரண்டு மூன்று வெவ்வேறு ஏற்ற வேகங்களில் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் ஓட்டினால் வெப்பநிலையின் விளைவையும் அது மாறும் வேகத்தின் விளைவையும் பிரிக்க முடியாது. பயாஸை வெப்பநிலை, அதன் வர்க்கம், மாறும் வேகம், உணரிகளுக்கு இடையிலான வேறுபாடு ஆகியவற்றின் கூட்டாகப் பொருத்துங்கள். ஐந்தாம் அடுக்குப் பல்லுறுப்புக்கோவை அந்த ஒரு சோதனையில் அழகாகப் பொருந்தும், அடுத்த சோதனையில் காலை வாரிவிடும். பொருத்துவதற்குப் பயன்படுத்தாத ஓர் ஓட்டத்தைத் தனியே வைத்து அதில் மட்டும் மதிப்பிடுங்கள்.

ஏறும்போது ஒரு வளைவும் இறங்கும்போது வேறொரு வளைவும் வந்தால் அதை எந்தக் கோவையும் தீர்க்காது. பீசோ ஓர் அலைநீளம் தாவி வேறொரு முறைமையில் உட்கார்ந்திருக்கலாம். திரும்பி வரும்போது பழைய முறைமைக்கு வராமல் நின்றிருக்கும். பதிவில் பீசோ மின்னழுத்தத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்தத் தாவல் ஒரே பார்வையில் தெரியும். எழுதாமல் விட்டிருந்தால் முழு ஓட்டத்தையும் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.